கோடு போட்ட தடி

ஏலக்கூடத்தில் அவளுக்குத் தடிக்காரி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அவளோ அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தொலைபேசியை எடுத்தால்கூட, "தடிக்காரிதான் பேசறேன், சொல்லுங்க" என்பாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பழைய சாமான்கள் ஏலத்துக்கு வரும் கட்டடம் அது. கீழே மேசை, நாற்காலி, சரவிளக்கு. மாடியில் கடிகாரம், பீங்கான், கண்ணாடி. மாடியின் கடைசி அறை பழங்காலத் துப்பாக்கிகளுக்கு. அவள் கடிகாரம் பழுது பார்க்கத்தான் அங்கே சேர்ந்தாள். துப்பாக்கி மேசையில் இருந்தவர் போனபிறகு அந்த அறைப்பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. இவள் போய் நின்றாள். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அந்த அறையில்தான் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் இருந்தது.

அறையின் கூரையில் ஒரு ஓட்டை. முதல் நாளே அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"மழைக்கு ஒழுகுதா?" என்று முதலாளியைக் கேட்டாள்.

"மழையில்லம்மா. ஒருத்தர் காலித் துப்பாக்கின்னு சொல்லிக்கிட்டே விசைய இழுத்துட்டாரு" என்று முதலாளி அசடு வழிந்தார்.

வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம் அவள் குறுக்கே நிற்பாள். சுவரெல்லாம் அடித்துக்கொள்ளலாம், ஓட்டையைத் தொடக் கூடாது. "காலின்னு சொன்னவரோட கையெழுத்து அது. அப்படியே இருக்கட்டும்" என்பாள். முதலாளியும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே! கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்வாள். விரல் வியர்வை பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். பிறகு துப்பாக்கிக்குச் சொந்தக்காரரைப் பார்த்து, "தொடலாமா?" என்று கேட்பாள். தொடுவதற்கு ஒரு தரம், விசையை அசைப்பதற்கு ஒரு தரம். முதலாளி கொண்டுவந்த துப்பாக்கியானாலும் கேட்காமல் தொட்டது கிடையாது. கேட்காமல் தொடுகிறவரை மேசைப்பக்கம் விட்டதும் கிடையாது. இரண்டு கையாலும் எடுப்பாள். முனை எப்போதும் மணல் மூட்டை அடுக்கிய சுவரைத்தான் பார்க்கும். துருவைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதோட வயசையே சுரண்டி எடுத்துட்டீங்களே" என்று அங்கேயே நிறுத்தி வைத்துத் திட்டுவாள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தடி. வாய்ப்பக்கமாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கிகளை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. மரத்தடியைக் குழலுக்குள் முட்டும்வரை விடுவாள். குழல் வாய்க்கு நேராகத் தடியில் விரலை வைத்துப் பிடித்துக்கொள்வாள். பிடித்த பிடி விடாமல் வெளியே உருவி, குழலின் வெளிப்பக்கத்தில் அதே அளவுக்கு வைத்துப் பார்ப்பாள். அடிப்பக்கம் தீ நுழைவதற்கென்று சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். தடி நுனி அந்த ஓட்டைவரை எட்டினால் குழல் காலி. எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. கந்தலாக இருக்கலாம், குளவிக் கூடாக இருக்கலாம், மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். ஈரம் படாமல் கிடந்தால் எத்தனை தலைமுறை ஆனாலும் மருந்து மருந்துதான்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து சுவத்துலதாங்க தொங்குது" என்று சலித்துக்கொள்வார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு சுவத்துக்குத் தெரியுமா?" என்பாள்.

இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவளுக்கு வாய்த்த கணவர் நேர் எதிர். பேருந்து ஓட்டுகிறவர். சண்டை வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, அது போனபிறகு வண்டியை எடுக்கிற ரகம். ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை. தலைவலி மாத்திரை வாங்க வந்த பையன் ஒருவன் தலைவலி இல்லாத நாளிலும் வந்து நின்றான். கட்டினால் அவனைத்தான் என்று மகள் சொல்லிவிட்டாள். துணிக்கடைக்காரர் வீட்டுப் பையன், நல்ல பிள்ளை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. தடிக்காரிக்கே அவனைப் பிடித்துப்போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். கூடத்துச் சுவரில் மார்பளவு உயரத் துப்பாக்கி ஒன்று இரண்டு ஆணியில் கிடந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள். உள்ளே நுழைந்ததுமே அவள் கண் துப்பாக்கிக்குப் போய்விட்டது; பக்கத்தில் இருந்த கணவர் அவள் முழங்கையை இடித்து, "இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரு தாயே" என்று முணுமுணுத்தார். அவளும் சும்மாதான் இருந்தாள். நாள் குறித்தார்கள். மண்டபம் பேசினார்கள். தேநீர் வந்தது.

அப்போது துணிக்கடைக்காரர் எழுந்து சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கினார்.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு, பேசி முடிச்ச அன்னிக்கு இதோட ஒரு போட்டோ எடுத்துக்கணும். எங்க தாத்தா காலத்து வழக்கம்" என்று சுவர்ப் படங்களைக் காட்டினார்.

எல்லாப் படங்களிலும் ஒரே நிலைதான். துப்பாக்கியின் கட்டை தரையில் ஊன்றியிருக்கும். முனைமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கைமேல் தாடையை வைத்து, குனிந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று துப்பாக்கியைப் பிடித்திருப்பான். கடைசிப் படத்தில் இருந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் குனிந்து, எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்திருந்தார்.

மகள் வெட்கத்தோடு போய் நின்றாள். மாப்பிள்ளை துப்பாக்கியை ஊன்றிப் பிடித்தான். அவன் முழங்கால், விசைக்கு மேலே மருந்தைப் பற்றவைக்க அடிக்கிற சுத்தியலை உரசிக்கொண்டிருந்தது. துணிக்கடைக்காரர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் குனிம்மா" என்றார்.

தேநீரை எப்போது கீழே வைத்தாள், எப்போது எழுந்தாள் என்று தடிக்காரிக்கே தெரியாது. மகளைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினாள். மாப்பிள்ளை கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்து முனையை வெற்றுச் சுவர் பக்கம் திருப்பினாள். தொடலாமா என்று கேட்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே கேட்காமல் தொட்ட துப்பாக்கி அது ஒன்றுதான்.

"என்னம்மா பண்றே!" என்றாள் மகள்.

"இத அளந்து பாக்கணும். அளக்காம யாரும் கிட்ட வரக்கூடாது."

துணிக்கடைக்காரர் முதலில் சிரிக்கத்தான் செய்தார். "அட, தாராளமா பாருங்க சம்பந்தி. குழலுக்கு அடியிலயே தடி சொருகியிருக்கு. வருஷா வருஷம் நானே துணி சுத்தித் துடைக்கிறேன். தடியில எங்கப்பா போட்ட கோடு ஒண்ணு இருக்கும். அந்தக் கோடு வாய்க்கு நேரா நின்னா, அடி வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம்."

அவள் முகத்தைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு தடியை உள்ளே விட்டாள். முட்டி நின்றது. கோடு கச்சிதமாகக் குழல் வாய்க்கு நேராக நின்றது.

"ஆச்சா? திருப்திதானே?" என்றார் துணிக்கடைக்காரர். கூடத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"சரியாத்தானே நிக்குது, விட்டுடேன்" என்றார் கணவர்.

அவள் விடவில்லை. தடியை உருவி வெளிப்பக்கமாகக் குழலோடு சேர்த்து வைத்தாள். கோடு வாயில் நின்றது. தடியின் நுனி தீ ஓட்டைக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"எட்டல" என்றாள்.

மற்றவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் துணிக்கடைக்காரர் இரண்டையும் வாங்கிக்கொண்டுவிட்டார். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அடிப்பக்கம் கெட்டி இரும்பு. அதான் எட்டல. எங்க வீட்டுத் துப்பாக்கிய பத்தி எனக்குத் தெரியாதா?"

"கெட்டி இரும்பா இருந்தா அங்க எதுக்குங்க தீ ஓட்டை? இந்தத் தடிய என்னிக்காவது வெளியில வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு வைக்கணும்? எங்கப்பா போட்ட கோடு."

"உங்கப்பா கோடு போட்ட அன்னிக்கே உள்ள ஏதாவது இருந்திருந்தா?"

"அப்ப எங்கப்பா பொய்க் கோடு போட்டாருங்கறீங்க."

"பொய்யில்ல. தெரியாம போட்டிருக்கலாம்."

முகத்தில் அடித்தாற்போல ஆகிவிட்டது அவருக்கு. துப்பாக்கியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்கு வந்து, எங்க பொருளப் பறிச்சு, செத்துப்போன எங்கப்பாவையும் குறை சொல்லியாச்சு. மன்னிப்பு கேட்டாத்தான் மேற்கொண்டு பேச்சு. இல்லேன்னா கல்யாணம் கிடையாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். கேட்டுவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. கணவர் கையைப் பிசைந்தார். கேட்டுவிடலாம்தான், ஒரு வார்த்தை, வாய் தேய்ந்தா போகும்? ஆனால் கேட்டால் அடுத்த நிமிடமே துப்பாக்கி மறுபடி ஆணியிலிருந்து இறங்கும். மகள் மறுபடி குனிவாள்.

"உங்களக் கேக்காம தொட்டது தப்பு. என் மேசையில ஒருத்தர் அப்படி செஞ்சா வெளிய போகச் சொல்லியிருப்பேன். அதுக்கு மன்னிப்பு கேக்கறேன்" என்றாள். "சந்தேகப்பட்டதுக்குக் கேக்க மாட்டேன். எம் பொண்ண அதுமேல தாடைய வைக்கச் சொன்னீங்கன்னா, திரும்பவும் பறிப்பேன்."

பாதி மன்னிப்பு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல ஆயிற்று. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர்கள் செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா தன் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வெடித்தாள். "உன் வேலைய ஏலக்கூடத்துலயே விட்டுட்டு வரமாட்டியாம்மா? எல்லா வீட்டுலயும் பொண்ணுக்கு நகை போடுவாங்க. நீ தடியில்ல போட்டுப் பாக்கறே."

"ஒரு வார்த்தைதானே. எனக்காகக் கேளேன்" என்றார் கணவர்.

"உங்களுக்காக வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன். இத மட்டும் கேக்காதீங்க."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"நிக்கட்டும். நான் அழுவேன். இவளும் அழுவா. அழறதுக்கு இவ உசுரோட இருப்பால்ல?" அவள் குரல் உடைந்தது. அழுகையை மறைக்கவும் இல்லை, பேச்சை மாற்றவும் இல்லை. "போயி அவரு கால்ல வேணும்னாலும் விழறேன். அது காலின்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்."

மகள் அதன்பிறகு அவளோடு பேசவில்லை. அவளும் வேலைக்குப் போனாள், வந்தாள். சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் உள்ளே இருப்பது வெறும் கந்தலாகவும் இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். கந்தலுக்காக மகள் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று ஊர் சிரிக்கும். சிரித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் மகளின் அறைக்கதவைக் கடக்கும்போதெல்லாம் அந்த வீறாப்பு ஒரு நொடி ஆடத்தான் செய்தது.

ஒரு வாரம்போல இப்படியே போயிற்று. ஒரு காலையில் மகள் கைப்பேசியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். வேண்டுமென்றே அம்மா காதில் விழும்படி மாப்பிள்ளையிடம் பேசினாள். "எங்கம்மாவ நம்ப வேணாம். உங்கப்பாவையும் நம்ப வேணாம். தடிய உள்ள விட்டு, வெளியில வச்சுப் பாருங்க. முகத்த மட்டும் நேரா காட்டாதீங்க. எட்டுச்சுன்னா நான் வந்து உங்கப்பா கால்ல விழறேன். எட்டலேன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

தடிக்காரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் வளர்ந்துவிட்டாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஏலக்கூடத்து மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறிவரும் சத்தம். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். பின்னால் மாப்பிள்ளை, போர்வையில் சுற்றிய துப்பாக்கியை முனை தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு.

"எட்டல" என்றார் அந்த அம்மா. "எம் பையன் வச்சான், நானும் வச்சுப் பாத்தேன். கடைக்கு அவரு கிளம்பினதும் எடுத்துட்டு வந்துட்டோம்."

தடிக்காரிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இத வண்டியில வச்சுக் கொண்டு வந்தீங்களா? எனக்கு ஒரு போன் போட்டா நான் வந்து எடுத்துக்க மாட்டேனா? மேடு பள்ளத்துல எங்கயாவது இடிச்சிருந்தா?" என்று இருவரையும் நிற்க வைத்துப் பிடிபிடியென்று பிடித்தாள். திட்டி முடித்துக் கையுறையை மாட்டிக்கொண்டபிறகுதான் குரலைத் தணித்துக் கேட்டாள், "தொடலாமா சம்பந்தியம்மா?"

"தொடுங்க" என்றார் அந்த அம்மா. அந்த வீட்டில் அவரை யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை போலிருக்கிறது. சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

முனையை மணல் மூட்டைப் பக்கம் திருப்பித் துப்பாக்கியைத் தாங்கியில் கிடத்தினாள். மருந்து இருந்தால் நனைந்து செத்துப்போகட்டும் என்று குழலுக்குள் எண்ணெய் விட்டு ஊற வைத்தாள். அவசரப்படவில்லை. இருவரையும் வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு நுனியில் திருகு வைத்த தடியை விட்டு மெல்ல மெல்லத் திருகி இழுத்தாள். முதலில் நூலும் நார்த்துணியுமாக வந்தது. துணிக்கடைக்காரர் வருடா வருடம் துடைத்த துணியின் பிசிறு.

"கந்தல்தானா?" என்று கதவோரத்திலிருந்து மாப்பிள்ளை கேட்டான்.

"இன்னும் எட்டல" என்றாள்.

மறுபடி திருகினாள். இறுகிப்போன காகித அடைப்பு வந்தது. அதற்குப் பின்னால் குண்டு, நெல்லிக்காய் அளவு, சாம்பல் பூத்த ஈயம். அதற்கும் பின்னால் எண்ணெயில் குழைந்து கறுப்பாக மருந்து. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். தன் தடியை விட்டு வெளியே வைத்துப் பார்த்தாள். இந்தத் தரம் தீ ஓட்டைக்கு நேராகப் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்துத் துணிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். சாப்பிட வீட்டுக்குப் போனவர் வெறும் ஆணியைப் பார்த்திருக்கிறார்.

"யாரக் கேட்டு எடுத்துட்டு வந்தே?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"யாரக் கேக்கணும்? நானும் அந்த வீட்டுலதான இருக்கேன்" என்றார் அந்த அம்மா. துணியிலிருந்த குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "பிடிங்க. கனமா இருக்கா?"

அவர் குண்டைப் பார்த்தார். மருந்தைப் பார்த்தார்.

"பேசி முடிச்ச அன்னிக்கு இதுக்கு மேலதான் தாடைய வச்சு சிரிச்சேன். உங்கப்பா கேமராவப் பிடிச்சாரு, நீங்க துப்பாக்கியப் பிடிச்சீங்க. இன்னும் கொஞ்சம் குனின்னு சொன்னது நீங்கதான். நானும் குனிஞ்சேன்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? கோடு சரியா..." என்று இழுத்தார்.

"நீங்களும்தான் வருஷா வருஷம் இதுமேல குனிஞ்சு துடைச்சீங்க" என்றார் அந்த அம்மா. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் கலங்கியது.

துணிக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். துப்பாக்கிப் பக்கம் கையை நீட்டினார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தடிக்காரியைப் பார்த்து, "தொடலாமா?" என்று கேட்டார்.

"உங்க துப்பாக்கி. தொடுங்க" என்றாள். அவரைக் குத்திக்காட்ட அவளிடம் அன்று நிறையவே இருந்தது. அவள் எதையும் சொல்லவில்லை. மன்னிப்பை அவரும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை, அதோடு வந்த தடியை எடுத்தார். பையிலிருந்த சின்னக் கத்தியை விரித்து அப்பா போட்ட கோட்டைச் சுரண்டப் போனார்.

"அத அழிக்காதீங்க" என்று தடிக்காரி தடுத்தாள். "அதுவும் இருக்கட்டும். சரியான இடத்துல இன்னொண்ணு போடுங்க."

கத்தியை மனைவி வாங்கிக்கொண்டார். "நான் போடறேன்" என்றார். தடியைக் குழலுக்குள் முட்ட விட்டு, வாய்க்கு நேராக அழுத்தி ஒரு கோடு போட்டார். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் இருந்தது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அந்த வீட்டுச் சுவரில் வரிசையின் கடைசியில் இப்போது புதிதாக ஒரு படம் இருக்கிறது. துணிக்கடைக்காரர்தான் எடுத்தார். துப்பாக்கி காலி என்று இப்போது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அதை ஆணியிலிருந்து இறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. படத்தில் மணப்பெண் நடுவில் நிற்கிறாள். ஒரு பக்கம் மாமியார், கையில் கோடு போட்ட தடியோடு. மறுபக்கம் அம்மா. யாரும் குனியவில்லை.